ஹெலனின் பத்து நாள் மூக்கு

1

இந்தக் கதை எனக்கு மூக்கடைப்பில் கிடைத்தது. ராமநாதபுரத்தில் மூக்கு டாக்டரம்மாவைப் பார்க்க டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பாம்பன்காரப் பெண், "உங்களுக்கும் ஸ்டீராய்டா?" என்று பேச்சுக் கொடுத்தாள். அவ்வளவுதான் நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அவளுக்கு ஹெலன் என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'கடற்காற்று வீசிக்கொண்டிருந்த அந்தக் காலையில்...' (வேண்டாம். பாம்பனில் காற்று வீசாமல் வேறென்ன செய்யும்?)

இரண்டாவது: ஹெலன் 'சரி' என்று சொல்லாமல் அந்தக் கருவாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு கூடையும் வெளியேறியதில்லை. கூடையின் அடிமீனை உருவி, வயிற்றுப் பக்கம் மோந்து பார்ப்பாள். உப்புப் போதவில்லை என்றால் அந்த நொடியே ஒதுக்கிவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சரி சொன்ன சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவள் நடையிலேயே தெரியும். தெரியட்டுமே, சும்மாவா வந்தது?

(இது பிடித்திருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.)

3

அந்த மூக்குக்குள் சதை வளர்ந்துவிட்டது. நாள்பட்ட சைனஸ் வீக்கம். வாசனை அடியோடு போயிற்று. ஹெலன் யாரிடமும் மூச்சு விடவில்லை. மோந்து பார்ப்பதுபோலக் குனிந்து, விரலால் அமுக்கி ஈரம் பார்த்தே ஒரு வருஷம் சமாளித்தாள்.

டாக்டரம்மா பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவச் சொன்னதற்கு, ஹெலன் செம்போடு நேரே கடலுக்குப் போய்விட்டாள். வாசலிலேயே கிடக்கும்போது காய்ச்சி ஆறவைப்பானேன் என்று நினைப்பு. மூக்கு எரிந்து ஒருநாள் பூரா துடித்தாள். (இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். ஆக, நிஜம் இரண்டு.)

நாலாம் நாள் கொட்டகைக்குள் நுழைந்ததும் சாளைக் கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. ஹெலன் நின்ற இடத்திலேயே அழுதாள். கண்ணில் தூசி என்று சொல்லி வைத்தாள்.

மாத்திரை முடிந்து மூன்றே வாரம். வாடை மறுபடி காணோம். இன்னொரு தடவை கேட்டதற்கு டாக்டரம்மா மறுத்துவிட்டார். அடிக்கடி தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மாத்திரையோடு கொடுத்த, மூக்கில் அடிக்கும் மருந்தை நிறுத்தக்கூடாது, அதிலும் கேட்கவில்லையென்றால் ஆபரேஷன். ஹெலன் தலையாட்டிவிட்டு, வழியில் ஒரு கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை அட்டை ஒன்று வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

4

இன்னும் நாலு நாளில் வியாபாரி ஹமீது சரக்கெடுக்க வருகிறார்.

முடிவு அ: விழுங்கினாள், மூக்குத் திறந்தது, பெயர் தப்பியது. (அடித்துவிட்டேன். அடுத்த மாசம்? அதற்கடுத்த மாசம்?)

முடிவு ஆ: விழுங்கினாள், மயங்கி விழுந்து... (ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் படுக்கப்போடாமல் எனக்குக் கதை முடிக்கத் தெரியாதா?)

அதற்குமேல் எழுதவிடாமல் ஹெலனே என் கையைத் தட்டிவிட்டாள். அட்டை பிரிக்கப்படவில்லை. ஹமீது வந்தார். கொட்டகைப் பெண்கள் அத்தனை பேர் முன்னால் அவள் அடிமீனை உருவினாள். குனியவில்லை.

"பாய், ஒரு வருஷமா எனக்கு வாடையே தெரியல. விரலாலதான் பாத்து அனுப்புறேன். இந்தக் கூடையும் சரிதான்னு சொல்றேன். நீங்களே மோந்து பாருங்க. நாறுச்சுன்னா இனி ஒரு கூடையையும் தொடமாட்டேன்."

நான் படைத்தவள்தான், ஆனாலும் இந்தத் துணிச்சல் என்னுடையதில்லை. ஹமீது மீனை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். மீன் இப்போது உங்கள் கையில். சொல்லுங்கள், ஹெலன் தலை குனியாமல் நிற்கிறாள்.