முதல் இலை

பள்ளத்தூர் கல்யாண வீட்டில் முதல் பந்திக்குப் பாயச வாளியோடு வந்த பாண்டீஸ்வரி, இரண்டாவது இலையிலிருந்து ஊற்றத் தொடங்கினாள். முதல் இலையில் உட்கார்ந்திருந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெரியகருப்பன். ஆறு வருடம் பேச்சு அறுந்து கிடந்த மனிதரை முந்தாநாள்தான் காலில் விழாத குறையாகக் கூட்டி வந்திருந்தார்கள். வடை வைத்தபோதும் அவர் இலையை அவள் விட்டிருந்தாள். அப்போது பொறுத்தவர் இப்போது எழுந்துவிட்டார்.

"கூப்பிட்டு ஒக்கார வச்சு அவமானப்படுத்துறீகளா?"

"அந்தப் புள்ள கவனிக்கல மாமா, ஒக்காருங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் ஓடி வந்தார்.

"மொத எலையக் கவனிக்கலையா? நான் என்ன ஊறுகாயா, ஓரத்துல கெடக்க?"

பாண்டீஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பார்த்தவரை பந்தி இரண்டாவது இலையில்தான் தொடங்கியது. அதற்கு இடப்பக்கம் இருட்டுகூட இல்லை. அங்கே எதுவுமே இல்லை, அவ்வளவுதான். சமையல் மாஸ்டர் ஞானசம்பந்தம் வாளியைப் பிடுங்கிக்கொண்டு, "இனி எம் பந்தியில நீ நிக்கக் கூடாது" என்றார்.

இலை போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒச்சம்மாள் அவளைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். பத்து நாளாகத் தங்கை கதவு நிலையில் இடத் தோளை இடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தவள் அவள். பாண்டீஸ்வரியின் இடப்பக்கம் கையை நீட்டினாள்.

"நேரா எம் மொகத்தப் பாருடி. இது எத்தன வெரலு?"

"எது?"

ஒச்சம்மாள் கையை இறக்கிவிட்டாள்.

மதுரை டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் வைரஸ் என்றார். பலர் உடம்பில் சும்மா படுத்துக் கிடக்கும் கிருமிதான். மூன்று வருடத்துக்கு முன் அவளுக்கு மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவள் விழுங்கும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைத்ததில் அது எழுந்துவிட்டது. அதைக் கொல்ல மருந்து கிடையாது. மாத்திரையைக் குறைத்தால் உடம்பே கிருமியை எதிர்த்து நிற்கலாம். ஆனால் சிறுநீரகம் போனாலும் போகலாம். குறைக்காவிட்டால் அடுத்தது கை, பேச்சு, உயிர். போன இடப்பக்கப் பார்வை திரும்புமா என்பதற்கு அவர் தலையாட்டவே இல்லை.

அந்தச் சிறுநீரகம் ஒச்சம்மாள் கொடுத்தது. புருஷனோடு மல்லுக்கட்டிக் கொடுத்தாள். கொடுத்த பிறகு கல்லும் மண்ணும் சுமக்கும் சித்தாள் வேலையை விட்டு, இலை போட வந்தாள். மாத்திரையைக் குறைக்கச் சம்மதித்து, அதைப் பாழாக்க நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று பாண்டீஸ்வரி யோசித்தாள். மூன்று வருடத்தில் ஒரு வேளை மாத்திரை தப்பவிட்டதில்லை அவள்.

"ஒன்னோடது போயிரும்க்கா."

"என்னோடதா? அறுத்துக் குடுத்த அன்னைக்கே அது ஒன்னோடது. கிட்னி போனா ரத்தத்தச் சுத்தம் பண்ண மிசினு இருக்கு. மண்டைக்கு மிசினு இருக்கா?"

"மிசினுல கெடந்தது மறந்துபோச்சா? அளந்து குடுத்த தண்ணி பத்தாம ஒரு செம்புத் தண்ணிக்கு அழுதேன்."

"அழுவ. நானும் கூட ஒக்காந்து அழுவேன். அழுகுறதுக்கு ஆளு வேணும்ல? கையெழுத்தப் போடு."

நர்ஸ் சம்மதத் தாளைக் கொடுத்தாள். "நான் படிச்சுச் சொல்லவா?" என்று ஒச்சம்மாள் கை நீட்டினாள்.

"வேணாம். என் ஒடம்பு, நானே படிக்கிறேன்."

படித்தால் ஒவ்வொரு வரியும் பாதியில் தொடங்கியது. '...இழக்க நேரிடலாம்' என்று இருந்தது. எதை என்று இல்லை. பாண்டீஸ்வரி தாளை மேசையில் விரித்து வைத்தாள்.

"அக்கா, எடது ஓரத்துல ஒன் வெரல வை. எடுக்காத."

ஒச்சம்மாள் கட்டைவிரலை ஊன்றினாள். பாண்டீஸ்வரி கழுத்தை இடப்பக்கம் திருப்பினாள். எழுத்துதான் வந்தது, விரல் வரவில்லை. இன்னும் திருப்பினாள், தோள் வலிக்கும் வரை. வாழைக்கறை ஏறிய அந்த நகம் பார்வைக்குள் வந்தது. அதற்கு அடுத்திருந்த முதல் எழுத்திலிருந்து, வாய்விட்டு, மெதுவாகப் படிக்கத் தொடங்கினாள்.