ஐந்து மணிக்கு முந்திய அளவுகள்

இஸ்ஹாக் ஹாஜியாரின் இறால் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. முந்தலிலிருந்து களப்புப் பக்கம் போகும் மணல் வீதியில், தென்னங்காணிகள் முடிகிற இடத்தில் பண்ணை. ஆறு குளங்கள், ஒரு நீரிறைக்கும் கொட்டில், ஓர் அலுவலக அறை. நீரைப் பரிசோதிக்க ஆள் தேடினார்கள். நான் விலங்கியல் படித்திருந்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் கிழமை நான் அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஹாஜியார் என்னை ஊமை என்றே நினைத்திருந்தாராம்.

இரண்டாம் கிழமை ஒரு காலை, அலுவலக அறைக்குள் சத்தம் கேட்டு உள்ளே போனேன். ஹாஜியார் கையில் அச்செடுத்த தாள்கள். எதிரில் நஜாத் நின்றார். குளங்களைப் பார்ப்பவர், பண்ணையிலேயே தங்குபவர். காலையும் மாலையும் ஒவ்வொரு குளத்திலும் ஒட்சிசன் அளப்பது அவர் வேலை. நோன்பு முடியும் நேரத்தில் நாலாம் குளத்து இறாலில் பாதி செத்து மிதந்திருந்தது.

"இஞ்ச பாரு. தலை நோன்பு தொடக்கம் கடைசி நோன்பு மட்டும் காலை அளவு ஒண்டும் இல்ல. எல்லாம் வெள்ளை. பின்னேர அளவு மட்டும்தான் இருக்கு," என்றார் ஹாஜியார்.

"வல்லாஹி, அளந்தேன் ஹாஜியார்."

"அளந்தா எங்க அது? இறால் திண்டுட்டா?"

"சக்கரம் நிண்டதுதான் காரணம் எண்டு அண்டைக்கே சொன்னேனே."

"அளக்காதவனுக்குக் காரணம் எப்பிடித் தெரியும்? விடியிறதுக்கு முந்திச் சஹர் சாப்பிட்டுட்டு இழுத்து மூடிட்டுப் படுத்திருக்கா. இப்ப சக்கரத்தச் சாட்டுற."

காற்றுச் சக்கரம் குளத்து நீரைச் சுழற்றி அடித்து ஒட்சிசன் ஏற்றுவது. நாலாம் குளத்தில் இரண்டு இருந்தன. ஒன்று இன்னும் ஓடாமலேயே கிடந்தது.

"பள்ளிவாசல்துறையில ஒரு பொடியனுக்குச் சொல்லியிருக்கேன். லுஹர் தொழுகைக்குப் பொறகு வருவான். நீ சாமானக் கட்டு," என்றார் ஹாஜியார்.

நஜாத் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பண்ணைக்குப் பின்னால் இருக்கும் சின்ன வீட்டில்தான் அவருடைய மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும்.

"பொறுங்கோ ஹாஜியார்," என்றார் கஜலக்ஷ்மி அக்கா. அலுவலகக் கணினி அவர் பொறுப்பு. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முந்தலிலேயே தங்கிவிட்ட குடும்பம். "அச்சில வராட்டிலும் என்ர பென் ட்றைவில இருக்கும். ஒவ்வொரு வெள்ளியும் கோப்பை அதில ஏத்தி வைக்கிறனான். றுமைஸ் தம்பி அந்தக் கோப்புத்தான் உயிர், கவனம் எண்டு சொல்லிப் போட்டுத்தான் போனவர்."

றுமைஸ் ஹாஜியாரின் தங்கை மகன். போன வருடம் ஹஜ் மாதத்தில் இந்தக் கணினி வேலையை எல்லாம் செய்து கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போனவர்.

அக்கா பென்னைச் செருகினார். ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு கோப்பு, திகதி போட்டு அழகாக வரிசையில் இருந்தது. ஒன்றை இரண்டு தரம் அழுத்தினார். எந்த மென்பொருளால் திறப்பது என்று கணினி திருப்பிக் கேட்டது. அக்கா கையை எடுத்துவிட்டார்.

"இதுதான் எப்பவும் கேக்கும். நான் பயத்தில தொடுறேல்ல. ஏதும் அழிஞ்சு போனாலும்."

நான் பக்கத்தில் போய் நின்றேன். கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்ததும் விளங்கிவிட்டது; படிக்கும்போது இப்படிக் கோப்புகள் எழுதியிருக்கிறேன்.

"அழியாது அக்கா. நோட்பேட்டுல திறக்கலாம். நான் திறக்கட்டா?"

எழும்பி இடம் கொடுத்தார். முதலில் ஒரு பிரதி எடுத்தேன். பிரதியை நோட்பேட்டில் திறந்தேன். ஆறேழு வரிகள் வந்தன. அவ்வளவுதான். அடுத்த வெள்ளியின் கோப்பைத் திறந்தேன். அதே வரிகள். இன்னொன்று. அதுவும் அதுவேதான்.

ஹாஜியார் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா? இதுக்குள்ளயும் ஒண்டுமில்ல. ஒரு இலக்கம் கூட இல்ல. உயிராம் உயிர்! பிள்ளை மாசக் கணக்கா வெத்துச் சிரட்டையப் பொத்திப் பொத்தி வச்சிருக்கு."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. நஜாத் வாசலை விட்டு வெளியே காலை வைத்தார்.

"போகாதீங்க நஜாத் நானா," என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. மூவரும் திரும்பினார்கள்.

"ஹாஜியார், இதுக்குள்ள அளவு இருக்காது. இருக்கவும் கூடாது. இது வினவல் கோப்பு. கேள்வி மட்டும்தான். அளவெல்லாம் வேற இடத்தில, கொம்பியூட்டருக்குள்ளயே இருக்கு. நீங்க றிப்போர்ட் எடுக்கக்குள்ள இந்தக் கேள்வி அங்க போய்க் கேட்டுட்டு வரும்."

"கேட்டுட்டு வந்ததுதானே இந்தத் தாள்? இல்லண்டு வந்திருக்கே."

"கடைக்கு ஆள் அனுப்பி, பாண் இருக்கா எண்டு மட்டும் கேட்டு வா எண்டு சொன்னா, அவன் பாணைப் பத்தி மட்டும்தான் சொல்லுவான். கடை முழுக்கப் பணிஸ் இருந்தாலும் சொல்லமாட்டான்."

ஹாஜியார் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. றுமைஸ் என்னத்தக் கேட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கான்?"

வரிகளை விரலால் காட்டினேன். முதல் வரி, எதை எடுப்பது: குளம், திகதி, நேரம், ஒட்சிசன். இரண்டாவது, எந்த அட்டவணையிலிருந்து. பிறகு நிபந்தனை. அந்த வரியில் என் விரல் நின்றது. காலை அளவென்றால் ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் எடுத்ததாக இருக்க வேண்டும். மற்றதை விட்டுவிடு.

"நஜாத் நானா, மத்த நாளையில காலையில எத்தனை மணிக்கு அளப்பீங்க?"

"ஏழரை போல."

"நோன்புக்கு?"

"நோன்புக்கு ஏழரைக்கு ஆரு முழிச்சிருக்கிற? சஹருக்கு எழும்பின கையோட ஒரு சுத்துப் போய் அளந்துட்டு வந்துதான் சோத்துல கைவப்பேன். பொறகு சுபஹ் தொழுதுட்டுச் சாய்ந்தா எட்டு மணிதான். எல்லாப் பண்ணையிலயும் அப்பிடித்தானே ஹாஜியார். நீங்கதான் அப்பிடிச் செய்யச் சொன்ன."

ஹாஜியார் தாடியைத் தடவினார். சொன்னது உண்மைதான் என்பது முகத்தில் தெரிந்தது.

"சஹர் நாலு மணிக்கெல்லாம்," என்றார் மெதுவாக. "ஐஞ்சுக்கு முந்தி."

"ஓம். றுமைஸ் இத எழுதினது ஹஜ் மாசம். அப்ப எல்லாரும் ஏழரைக்கு அளந்தாங்க. நோன்பு ஞாபகம் வந்திருக்காது."

"அவனுக்கு நோன்பு எப்ப ஞாபகம் வந்த?" என்றார் நஜாத். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்கிறத விடுங்க. அளவு இருக்கா இல்லியா எண்டு காட்டு மகள். வாயால சொல்றத நான் நம்பமாட்டேன்," என்றார் ஹாஜியார்.

பிரதியில் ஐந்து என்பதை அழித்துவிட்டுப் பூச்சியம் போட்டேன். நடுச்சாமத்திலிருந்து ஒன்பது மணி வரை. வேறு பெயரில் சேமித்தேன். றிப்போர்ட் மென்பொருளில் கேள்விக் கோப்பைத் தேர்வு செய்யும் இடம் ஒன்று இருந்தது. அதில் புதியதைக் கொடுத்தேன். அளக்கும் கருவி திகதியையும் நேரத்தையும் தானே பதிந்துகொள்ளும். கிழமைக்கு ஒருமுறை அக்கா வயரைச் செருகினால் எல்லாம் கணினிக்குள் வந்துவிடும். நஜாத் அளந்திருந்தால் அது உள்ளே இருந்தாக வேண்டும். எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் அழுத்துவதற்கு முன் ஒருமுறை நஜாத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தினேன்.

வரிசை வரிசையாக வந்தது. தலை நோன்பு, நாலு மணி பத்து. முதலாம் குளம், இரண்டாம் குளம், ஆறும். அடுத்த நாள். அதற்கடுத்த நாள். ஒரு நாளும் விடுபடவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் நஜாத். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

ஹாஜியார் எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். "நாலாம் குளத்த மட்டும் காட்ட ஏலுமா?"

இன்னொரு நிபந்தனை சேர்த்தேன். நாலாம் குளம் மட்டும் வந்தது. மாதம் முழுக்க நாலுக்கு மேலேயே நின்ற அளவு, கடைசி நாட்களில் மூன்றாகி, அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் மற்றக் குளங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன.

"இது எந்த நாளிலிருந்து இறங்குது?"

"இருபத்தெட்டாம் நோன்பு."

"பள்ளியில குர்ஆன் ஓதி முடிச்சுத் தமாம் வச்சதுக்கு அடுத்த நாள்," என்றார் நஜாத். "தமாம் முடிஞ்சு பள்ளிவாசல் வாசல்ல வச்சுத்தான் சக்கரம் நிண்டுட்டு எண்டு உங்களுக்குச் சொன்னேன் ஹாஜியார்."

நான் திரையைப் பார்த்தேன். அக்கா மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஓம். சொன்னாய்," என்றார் ஹாஜியார் கடைசியில். "பெருநாள் கழியட்டும், பாப்பம் எண்டு நான்தான் சொன்னேன். நீ அளந்தாய். நான் பாக்கல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நஜாத், மனசுல வைக்காத."

"வைக்கல்ல ஹாஜியார்."

ஹாஜியார் தொலைபேசியை எடுத்து முதலில் சக்கரம் திருத்துகிறவரைக் கூப்பிட்டார். இன்றைக்கே, இப்பவே வரச் சொன்னார். பிறகு பள்ளிவாசல்துறைக்கு எடுத்தார். பொடியன் ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டானாம்.

"வரட்டும். ஆறு குளத்துக்கு ஒராள் காணாதுதான்," என்றார் எங்களிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "மகள், ஒண்டு கேக்கணும். மத்த மாசத்தில எல்லாம் ஏழரை மணி அளவு ஆறு, ஆறரை எண்டு வருது. நோன்புக்கு எல்லாக் குளமும் குறைவு. இறால் நோன்பு பிடிக்கிறா?"

"இல்ல ஹாஜியார். ராவைக்கு வெயில் இல்ல. தண்ணியில இருக்கிற பாசி ஒட்சிசன் குடுக்காது, எடுக்கும். விடியிறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் ஆகக் குறைவு. வெயில் வந்தா ஏறிடும். ஏழரைக்கு அளந்தா நல்ல கணக்குத்தான் வரும். இறால் சாகிறது அதுக்கு முந்தி."

"அப்ப நோன்புக்கு அளந்ததுதான் சரியான அளவு?"

"ஓம். அதுதான் சரி."

சொல்லி முடித்த பிறகுதான் நஜாத்தின் முகத்தைப் பார்த்தேன். என்ன வரப்போகிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"நாளையிலிருந்து வருஷம் முழுக்க நாலு மணிக்கு அள," என்றார் ஹாஜியார். எழுந்து குளத்துப் பக்கம் போய்விட்டார்.

நஜாத் என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"தங்கச்சி, வேலையக் காப்பாத்தித் தந்துட்டு நித்திரையப் பறிச்சிட்டீங்களே. அந்த வரியில இன்னொரு நிபந்தனை போட ஏலாதா? வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஏழரை."

"போட ஏலும் நானா," என்றேன். "கேள்விய எப்பிடியும் எழுதலாம். குளம் கேக்காது."

"சரி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எழும்பச் சொன்னாப் பள்ளிவாசல்துறைப் பொடியன் கேப்பானா எண்டு பாப்பம்," என்று சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கரைக்கு இழுக்கக் கயிறு தேடிப் போனார்.