வெறும் வயிற்றில் மலையேற்றம்

கூடார வாசலில் சின்ன எரிவாயு அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. அரியரத்தினம் மடிப்புக் கதிரையில் உட்கார்ந்து முட்டைப் பொரியலையும் பாண் துண்டுகளையும் ஒரு பிடி பிடித்தார். பொரித்துக் கொடுத்த மனைவி சிவமலரோ ஒரு வாய் வைக்காமல் அடுப்புச் சூட்டில் கை காய்ந்துகொண்டு நின்றாள். ஐப்பசிக் குளிர். ஜேர்மனியின் அல்கொய் மலையடிவாரத்து முகாமில் இன்னும் நாலைந்து கூடாரங்கள்தான் மிச்சம்.

அவளுக்குக் கேதாரகௌரி விரதம். புருசன் நெடுங்காலம் வாழவேண்டும் என்று பெண்கள் பிடிக்கும் விரதம். பகல் முழுக்கப் பட்டினி, பொழுதுபட்ட பிறகு ஒருநேரச் சாப்பாடு. கலியாணம் முடித்த காலம் தொட்டு ஒரு வருசமும் அவள் விட்டதில்லை. அதற்காக அரியரத்தினம் ஒருநாளும் நன்றி சொன்னதும் இல்லை. விடிந்தால் வெளிச்சம் வருகிறது, அதற்கு யார் நன்றி சொல்லுகிறார்கள்?

"குளிசை போட்டனீரோ?"

"இன்னும் இல்லை."

"போடும், போடும். சீனி வருத்தக் குளிசையை ஒருநாளும் விடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்." தானே தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

இந்த வருசம்தான் அவளுடைய நீரிழிவுக்கு டொக்டர் குளிசையைக் கூட்டிக் கொடுத்திருந்தார். விரதக் கதையை அவரிடம் சொல்லவா என்று சிவமலர் அப்போதே கேட்டாள். "வெள்ளைக்காரனுக்கு எங்கடை விரதத்தைப் பற்றி என்ன விளங்கும்? வாயை மூடிக்கொண்டு வாரும்," என்று அவர்தான் தடுத்தார். அவருக்கு ஒருவரையும் நம்பப் பிடிக்காது. வங்கியை நம்பமாட்டார், வானிலை அறிவிப்பை நம்பமாட்டார். சிவமலரை மட்டும் நம்புவார்.

அவர்கள் குடியிருந்த கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் அவருக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை. ஒருவர் படியேற மற்றவர் படியிறங்க, வாழ்க்கையில் பாதி அப்படியே போனது. பென்சன் எடுத்த பிறகு, சீனி குறைய நடக்கச் சொன்னார்கள் என்று பூங்காவில் நடக்கத் தொடங்கினார்கள். பூங்கா குன்றானது, குன்று மலையானது. பிறகு கூடாரமும் வாங்கினார்கள். "கிழடுகள் இப்பதான் தேன்நிலவு போகுதுகள்," என்று சொந்தக்காரர் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டுமே. அந்த நாட்டு மலைகளின் உச்சியில் நிற்கும் சிலுவையை இருவரும் ஒன்றாகத் தொடும்போது வருகிற சந்தோசம் அவர்களுக்கு என்ன தெரியும்?

அன்றும் ஏறினார்கள். காட்டைக் கடந்து கல்லுப் பாதைக்கு வந்தபோது சிலுவை கண்ணுக்குத் தெரிந்தது. அரியரத்தினம் திரும்பிப் பார்த்தார். சிவமலர் நன்றாகப் பின்தங்கியிருந்தாள்.

"இஞ்சேரும்! ஆமை வேகத்திலை வந்தால் எப்ப போய்ச் சேருறது?"

வழக்கமாக இதற்கு ஒரு சூடான பதில் வரும். இன்றைக்கு வரவில்லை. அவள் ஒரு பாறையில் சாய்ந்துவிட்டாள். இறங்கி ஓடினார். அந்தக் குளிரிலும் அவள் முகம் வேர்வையில் குளித்திருந்தது. விரல்கள் நடுங்கின.

"என்னப்பா செய்யுது?"

"கண் இருட்டிக்கொண்டு வருது."

பையைக் கொட்டினார். அவருக்கென்று கட்டிய ரொட்டியும் சம்பலும் கிடந்தன. இனிப்பாக ஒன்றும் இல்லை. சீனி அவளுக்கு நஞ்சு என்று வீட்டில் இருந்த இனிப்பையெல்லாம் குப்பையில் போட்டவரே அவர்தான்.

மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு ஜேர்மன்காரி இதைக் கண்டு நின்றாள். தலை நரைத்தவள், கையில் ஊன்றுதடி. சிவமலரின் முகத்தைப் பார்த்ததும், "சீனி வருத்தம் இருக்கிறதா? சாப்பிட்டாவா?" என்று கேட்டாள். சாப்பிடவில்லை, குளிசை மட்டும் போட்டவள் என்று இவர் உடைந்த ஜேர்மனில் சொன்னார். அவள் உடனே தன் பையிலிருந்து அப்பிள் சாற்றுப் போத்தலை எடுத்துத் திறந்தாள்.

அரியரத்தினம் குறுக்கே கையை நீட்டிவிட்டார். "வேண்டாம்! சீனி, சீனி! அவவுக்குக் கூடாது!"

"இப்போது இவவுக்குச் சீனிதான் வேண்டும். உடம்பில் சீனி இறங்கிப்போய்விட்டது. என் புருசனுக்கும் இதே வருத்தம்," என்றாள் அவள். மற்றக் கையில் மலை மீட்பாளரை அழைக்கத் தொலைபேசி ஆயத்தமாக இருந்தது.

முன்பின் தெரியாதவள் கையிலிருக்கும் போத்தல். அவர் கை விலகவில்லை. அப்போது சிவமலர் அவரைப் பார்த்து, யாரோ வேற்று ஆளிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணை, பள்ளிக்கூடம் விட்டிட்டுதே?"

தன்னையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று கண்ட அரியரத்தினம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். போத்தலை வாங்கி, அவள் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்து, "குடியும் ராசாத்தி, ஒரு மிடறு, இன்னொரு மிடறு," என்று பருக்கினார். முழுவதும் குடித்தாள். அவர் வாய் என்னென்ன சாமியையோ கூப்பிட்டது.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அவள் அவரை உற்றுப் பார்த்தாள்.

"என்ன, அழுறியளோ?"

"காத்து. கண்ணிலை தூசி."

ரொட்டியைப் பிய்த்து ஊட்டினார். அவள் தெளிந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த ஜேர்மன்காரி புறப்பட்டாள். எவருக்கும் லேசில் கை குவிக்காத அரியரத்தினம் அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

சிவமலரின் முகம் வாடியது. "விரதம் முறிஞ்சு போச்சே. உங்களுக்கு ஏதும் ஆகிவிட்டால்?"

"நீர் போய்ச் சேர்ந்தால் எனக்கு ஆயுள் என்னத்துக்கு? தேத்தண்ணி போடக்கூடத் தெரியாத மனிசன் நான்."

"சரி, உச்சி கிட்டத்தானே. நீங்கள் போய்த் தொட்டிட்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

"மலை எங்கையும் ஓடாது. எழும்பும், இறங்குவம். நாளைக்கே டொக்டரிட்டை விரதத்தைப் பற்றிச் சொல்லுவம். அவர் வேண்டாமெண்டால் வேண்டாம். பிடிக்கத்தான் வேணுமெண்டால் உமக்காக நான் பிடிக்கிறன்."

"நீங்களோ? பத்து மணிக்கே பசி எண்டு கத்துவியள்!" அவள் சிரித்தாள்.

"கத்தினாலும் பிடிப்பன்."

அவள் தோளைப் பிடித்து, அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்து இறங்கினார். ஒரு வளைவில் நின்று, அவளுக்கும் தனக்குமாகச் சொன்னார்:

"வருத்தத்தை டொக்டரிட்டை ஒளிச்சுக் கும்பிட்டால் அது பக்தி இல்லையப்பா, மடத்தனம். குளிசை போட்ட வயித்துக்குச் சோறும் போக வேணும். பெண்டாட்டியைப் பட்டினி போட்டு வாற ஆயுள் எந்தப் புருசனுக்கும் வேண்டாம்."