றிவேர்ஸ் தடி

"15.11.2022, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை விட்டேன். ஆட்டோவுக்குப் பூட்டிய தோட்டத்து இறைப்பு மிசினின் எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பிளைவீல் பக்கம் நின்று பார்த்து எழுதிவிட்டேன். கியர்ப்பெட்டியில் பூட்டுகிற பக்கம் நின்று பார்த்திருக்க வேண்டும். அதனால் ஆட்டோ முதலாம் கியரில் பின்னுக்குப் போகிறது. றிவேர்ஸ் தடியைப் போட்டால் நாலு கியரும் முன்னுக்கு. அப்பா சிரித்தார். நாளை தடியில் எழுதி ஒட்ட வேண்டும்."

அந்தப் பக்கத்தைக் கிழிப்பதா விடுவதா என்று தக்சாயினி கொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, முற்றத்தில் ஆட்கள் ஆட்டோவைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. எழுதி ஒன்பது நாளாகிவிட்டது. தடியில் இன்னும் ஒன்றும் ஒட்டவில்லை.

கூடத்தில் அப்பா சீவரத்தினம் வேட்டி சால்வையோடு கிடந்தார். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. பக்கத்தில் அம்மா மகாதேவியைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் பின்னேரம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியபோது, தக்சாயினி தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்பில் இருந்தாள். போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. அம்மா கூப்பிட்டதில் அடுத்த வளவிலிருந்து பெரியப்பாவின் மகன் கிருஷாந் ஓடிவந்தான். கைபிடியைச் சுற்றி எஞ்சினை எழுப்பி, அப்பாவையும் அம்மாவையும் பின்சீற்றில் ஏற்றி, முதலாம் கியரைப் போட்டான். ஆட்டோ பின்னுக்குப் பாய்ந்து வேலியை உடைத்து வாய்க்காலுக்குள் இறங்கியது. கரவெட்டி றோட்டில் வேறொரு வாகனத்தை மறித்து ஏற்ற இருபது நிமிடம் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே டொக்டர் தலையை ஆட்டிவிட்டார்.

இரவு முழுக்கக் கிருஷாந் வந்தவர்களுக்கெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "பதட்டத்திலை கியரை மாறிப் போட்டிட்டன். சித்தப்பாவை நான்தான் விட்டிட்டன்." தக்சாயினி தேத்தண்ணித் தட்டோடு அவனுக்கு முன்னால் மூன்று தரம் போனாள். மூன்று தரமும் சீனி காணுமோ என்று மட்டுந்தான் கேட்டாள்.

இப்போது ஆட்டோ படலைக்கு நேரே நின்றது. வாய்க்காலிலிருந்து இழுத்து அங்கே விட்டிருந்தார்கள். அந்த எஞ்சினின் பாரத்துக்குப் பின்சில்லுகள் மழையில் ஊறிய மண்ணுக்குள் புதைந்துபோயிருந்தன. பாடை வெளியே போக வழியில்லை.

"ஓடித்தான் எடுக்கவேணும்," என்றார் தில்லைநாதன் மாமா, அம்மாவின் தமையன். கிருஷாந் ஓரடி முன்னுக்கு வைத்தான்.

"நீ விடு. பேந்து பந்தலையும் இடிச்சுப்போடுவாய்."

ஒருவன் சிரித்து, சிரித்ததைச் செருமலாக்கினான். குளித்து ஈரவேட்டியோடு நின்ற கிருஷாந் நிலத்தைப் பார்த்தான். சித்தப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. பெறாமகன் அவன்தான் கொள்ளி வைக்கவேண்டியவன்.

தக்சாயினி படியிறங்கி வந்தாள். "நான் எடுக்கிறன் மாமா."

"நீயோ? உள்ளுக்குப் போ பிள்ளை."

அவள் கைபிடியை எடுத்துச் சுற்றினாள். மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. டுக் டுக் டுக் என்று, வெங்காயத் தோட்டத்தில் கேட்ட அதே சத்தம். உள்ளே ஒப்பாரி சட்டென்று நின்றது. அம்மா கூடத்து வாசல்வரை எழும்பி வந்து, ஆட்டோவைப் பார்த்து, திரும்பிப் போனாள்.

எஞ்சின் பூட்டிய அன்று அப்பா அதைத் தட்டிச் சொன்னது அவளுக்குக் கேட்டது. "உவன் தோட்டத்திலை நிண்டவனல்லோ. றோட்டைக் கண்டு கூச்சப்படுறான். பழகிடுவான், விடு." எஞ்சினைக் கழற்றித் திருப்பிப் பூட்டுவோம் என்று அவள் இரண்டு நாள் கெஞ்சினாள். தன்னைத் தவிர ஆர் ஓடப்போகினம் என்றார் அவர்.

அவள் றிவேர்ஸ் தடியை இழுத்தாள். முதலாம் கியரைப் போட்டு கிளச்சை மெல்ல விட்டாள். சில்லுகள் சேற்றை வாரி இறைத்தன. ஆட்டோ முன்னுக்கு ஏறி, படலையைத் தாண்டி, ஒழுங்கை ஓரமாய்ப் போய் நின்றது.

இறங்கும்போது கிருஷாந் படலையடியில் நிற்பதைக் கண்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தடியையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் அவனைக் கூப்பிட்டுக் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்தார்கள். பாடை போயிற்று. பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள். ஒழுங்கை முடக்கில் பறைச்சத்தம் தேயும்வரை அவளும் நின்றாள்.

பொழுதுபட கிருஷாந் சுடலையிலிருந்து வந்தான். கால் கழுவ அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் கழுவவில்லை.

"தச்சா, உது எப்பவும் உப்பிடித்தானோ?"

"ஓம் அண்ணை. எஞ்சின் மாத்தின நாளிலையிருந்து."

"அப்ப நான் போட்ட கியர்..."

"சரியான கியர்தான். நான்தான்..."

அவன் குனிந்து ஒரு காலைக் கழுவினான். வெகுநேரம் அந்த ஒரு காலையே கழுவினான். வாளியில் தண்ணீர் முடிந்தது. மற்றக் காலில் சுடலைச் சாம்பல் அப்படியே இருந்தது.

"காடாத்துக்குச் சாம்பல் அள்ள விடிய ஏழுமணிக்குப் போகவேணும்," என்றான். "சாம்பலைக் கடலிலை கரைக்கப் பருத்தித்துறைக்கு உந்த ஆட்டோவைத்தான் ஓடிக்கொண்டு போகவேணும். வேறை வாகனம் இல்லை."

அவன் போன பிறகு அவள் கொப்பியை எடுத்தாள். பழைய பக்கம் கிழியாமல் இருந்தது. புதுப் பக்கத்தில் திகதியைப் போட்டு எழுதினாள்:

"24.11.2022, வியாழன். நாளை ஆறு மணிக்கு முன் றிவேர்ஸ் தடியில் 'முன்னுக்கு' என்று எழுதி ஒட்ட வேண்டும். கிருஷாந் அண்ணை ஓடுவார்."