ஒரு மூட்டைக்கு இரண்டு பேர்

விடியும் முன்பே சலவைக்கூடத்தை நீராவி மூடியிருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் இடம். இயந்திரத்திலிருந்து ஈர விரிப்புகளை இழுத்து, மூட்டையாகச் சுருட்டி, பத்தடி சுமந்து உலர்த்தியில் திணிக்க வேண்டும். 'ஒரு மூட்டைக்கு ஓர் ஆள்' என்று முதலாளி சுவரில் எழுதியே வைத்திருந்தார்.

அங்கே மூட்டை சுமப்பவளான நெட்டைக்கு ஏழாம் மாதம். முதலாளிக்கு மட்டும்தான் தெரியாது. புருஷனுக்கே தெருவில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது என்று ஒரு பேச்சு. பழைய சேலையை வயிற்றில் இறுக்கிச் சுற்றி, மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. அவள் உயரத்தில் வயிறு ஒளிந்துகொண்டது. இடுப்பு வலி ஒளியவில்லை. போன வருடம் வயிறு தெரிந்த ஒருத்தியை "ஓய்வெடும்மா" என்று முதலாளி அன்பாக அனுப்பி வைத்தார். அந்த ஓய்வு இன்னும் முடிந்தபாடில்லை.

கனம் தூக்காதே, குனிவதற்குப் பதில் முழங்காலை மடக்கு, துணி கட்டினால் வயிற்றுக்குக் கீழே தாங்கலாகக் கட்டு, ஒருக்களித்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துப் படு என்றெல்லாம் நர்ஸ் சொல்லியிருந்தாள். தலையணை மட்டும் நடந்தது. அதுவும் புருஷனுடையது, அவன் கையை மடித்துப் படுத்துக்கொண்டான். தங்கமானவன்தான், வேலைதான் இல்லை. வீட்டு அடுப்பு இவள் இடுப்பை நம்பி எரிந்தது.

ஒன்பதாவது மூட்டைக்குக் குனிந்தவள் நிமிரவில்லை. வலி இடுப்பில் வெட்டி, தொடை வழியே கணுக்கால்வரை இறங்கியது. உள்ளே அசைவு இருக்கிறதா என்று தேடினாள். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. இல்லை.

"என்னம்மா, தரையில எதைத் தேடுறே?" முதலாளி பின்னால் நின்றார். "ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துடும்."

அவள் காதில் எதுவும் விழவில்லை. சட்டையைத் தூக்கி, முடிச்சைப் பிய்த்தாள். சேலை சுற்றுச் சுற்றாகத் தரையில் விழுந்தது. வயிறு வெளியே வந்தது. கொஞ்சம் பொறுத்து, உள்ளிருந்து ஓர் உதை. சுவரில் சாய்ந்து அழுதாள்.

"அடிப்பாவி, மறைச்சியா? ஏதாவது ஆனா பழி எனக்கு. வீட்டுக்குப் போய் ஓய்வெடு."

"திரும்பி வந்தா வேலை இருக்குமா சார்?"

"அப்போ பாத்துக்கலாம்."

"போன வருஷம் போனவ இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கா!" என்றாள் சங்கு. குரலால் வந்த பெயர். இரண்டு பிள்ளைகளையும் இதே மூட்டைகளோடு சுமந்து பெற்றவள். அதன்பின் நேராக நிமிர்ந்ததில்லை. "இது பிரசவ வார்டு விரிப்பு சார். பெத்தவங்க படுக்கத்தானே வெளுக்கிறோம்? வெளுக்கிறவ பெக்கக் கூடாதா?"

"வாயை மூடிக்கிட்டு மூட்டையத் தூக்கு."

"தூக்குறோம். ரெண்டு ரெண்டு பேரா. அவ உக்காந்து மடிக்கட்டும்."

"ஒரு மூட்டைக்கு ஓர் ஆள்! சுவர்ல போட்டிருக்குல்ல?"

"அப்ப சுவரையே தூக்கச் சொல்லுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு முகம் கறுத்தது. "எல்லாரையும் வெளியே தள்ளிட்டு வேற ஆள் போடுவேன்!"

சிரிப்பு நின்றது. அவர் செய்யக்கூடியவர்தான், எல்லோர் வீட்டிலும் அடுப்பு இருந்தது. முதலில் சங்கு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனை வெறுமனே கிடந்தது. பிறகு, அங்கேயே வேலை பார்த்தும் ஆறு மாதமாகச் சங்கோடு பேசாத அவள் பக்கத்து வீட்டுக்காரி வந்து அதைப் பிடித்தாள். அடுத்த மூட்டைக்கு இருவர். அதற்கடுத்ததற்கும்.

ஒருத்தி வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். நெட்டை முழங்காலை மடக்கி, நர்ஸ் சொன்னபடியே உட்கார்ந்தாள்.

வேறு ஆள் கூப்பிட முதலாளி போனை எடுத்தார். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. ஒரு மூட்டையையும் யாரும் தனியாகத் தொடவில்லை.