மகாராணியின் வாடை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது குளியலறைச் சன்னல் வழியாக. ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். கீழ்வீட்டில் உரக்கப் பேசினார்கள், என் சன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான். காதில் விழுந்தது இது: "அவ வாடையோட வீட்டுக்குள்ள வராதீங்க."

இதற்குமேல் என்ன வேண்டும்? உடனே எழுத உட்கார்ந்தேன்.

'அவன் சட்டையில் இன்னொருத்தியின் மணம் —'

அடித்துவிட்டேன். இன்னொருத்தி ஒரு சிறுத்தை என்று மறுநாளே தெரிந்துபோயிற்று. (கொஞ்சம் ஏமாற்றம்தான்.)

2

மறுபடி ஆரம்பிக்கிறேன். கீழ்வீட்டுக்காரருக்கு விலங்குக் காட்சிசாலையில் வேலை. வருடக்கணக்காக மான்களுக்குத் தழை போட்டவர், கெஞ்சிக் கூத்தாடி, சிறுத்தைப் பகுதிக்கு மாற்றல் வாங்கியிருந்தார். அங்கே இருப்பவள் மகாராணி. அவர் மனைவி அழகுநிலையம் நடத்துகிறாள். வீட்டுப் பூனையின் பெயர் முதலாளி. அவர் நகர்ந்து இடம் விட்டால்தான் சோபாவில் மற்றவர்கள் உட்காரலாம்.

மாற்றல் வந்த அன்றிலிருந்து முதலாளி பரண்மேல் ஏறிவிட்டார். சாப்பாடு வேண்டாம், தடவல் வேண்டாம்.

"பெரியம்மா வாடைக்கே இப்படி நடுங்குறான்" என்றார் கணவர்.

"பெரியம்மாவா? கையில கெடைச்சா ஒரே வாய்தான்."

(இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுதக் கை துறுதுறுக்கிறது. ஒரே வம்சம், ஒன்று காட்டில் தங்கிவிட்டது, மற்றொன்று நம் மெத்தைக்கு வந்துவிட்டது. பாய்வதற்கு முன் இடுப்பை ஆட்டுவது இரண்டுக்கும் — வேண்டாம். முதலாளி பட்டினி கிடக்கிறார்.)

3

வாடையை விரட்ட, மாற்றல் வந்த அன்றே ஆரம்பித்து, கணவனும் மனைவியும் தினமும் வீட்டையே கழுவினார்கள். சீருடை, தரை, பரண், முதலாளியின் தட்டு, எல்லாவற்றுக்கும் பினாயில். (மூன்றாம் மாடிவரை நெடி. ஆஸ்பத்திரி திறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.)

மனைவியைக் கல்நெஞ்சக்காரி ஆக்கத்தான் பார்த்தேன். கதைக்கு அப்படி ஒருத்தி வேண்டியிருந்தது. ஆனால் அவளோ முக்காலியில் ஏறி, மீன் துண்டை நீட்டியபடி, கை வலிக்க நின்றாள். ஒத்துழைக்காத பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"எலும்பும் தோலுமா ஆயிட்டான். நீங்க மானுக்கே திரும்பிடுங்க."

"அது நான் ஆசைப்பட்டுக் கேட்ட இடம்."

"தெரியும். அதான் இத்தனை நாள் சொல்லல."

கணவர் முக்காலியைப் பிடித்து அவளை இறக்கிவிட்டார். பிறகு, "நாளைக்கு மேலதிகாரிகிட்ட சொல்லிடறேன்" என்றார்.

4

மறுநாள் காட்சிசாலையில் தண்ணீர் வரவில்லை. தினமும் அங்கேயே குளித்து உடை மாற்றி வருபவர், அன்று குளிக்காமல், மாற்றாமல், மகாராணியின் முழு வாடையோடு வந்து நின்றார். சொல்லிவிட்டாரா என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. சர்க்கரை கேட்கும் சாக்கில் கிண்ணத்தோடு இறங்கினேன்.

முதலாளி பரணிலிருந்து குதித்தார். வாலை நட்டுக்கொண்டு வந்து, அந்த அழுக்குக் கால்சட்டையில் இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று மாற்றி மாற்றித் தேய்த்தார்.

"மகாராணியும் கம்பியில இப்படியேதான் தேய்ப்பா" என்றார் கணவர்.

மனைவி ஓடிப்போய்த் தட்டில் மீன் வைத்தாள். முதலாளி முகர்ந்து, முகம் சுளித்து, திரும்பிக்கொண்டார்.

"தட்டுல பினாயில் தூக்குதே" என்றேன்.

இருவரும் குனிந்து முகர்ந்தார்கள். "ஒண்ணும் தெரியலையே."

எப்படித் தெரியும்? முடிச்சாயத்தில் மூக்கைப் பறிகொடுத்தவள் அவள். கூண்டுக் கழிவில் பறிகொடுத்தவர் அவர். இரண்டு செத்த மூக்குகள் சேர்ந்து ஒரு பூனை மூக்குக்கு வைத்தியம் பார்த்திருக்கின்றன.

கணவரின் சாப்பாட்டு டப்பா மூடியில் மீனை வைத்தோம். முதலாளி தின்றார். மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மேலதிகாரிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அவர் இன்னைக்கு லீவு."

"நல்லதாப் போச்சு. சொல்லாதீங்க."

5

காலையில் அதே கால்சட்டையோடு கிளம்பினார், பூனை முடி அப்பிக்கொண்டிருக்க. மகாராணி அதை முகர்ந்து என்ன செய்தாள்? சீறினாளா, கன்னத்தைத் தேய்த்தாளா? அங்கே எனக்குச் சன்னல் இல்லை. அந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு இது போதும்: கீழ்வீட்டில் ஒரு டப்பா மூடி, நக்க நக்க, தரையில் உரசிக்கொண்டே போகிற சத்தம்.