மூட்டையில் அச்சடித்த பாஸ்வேர்டு

2023 செப்டம்பர் 12ஆம் தேதி, கம்பம்மெட்டில் பாண்டித்துரையின் ஏலக்காய் ஸ்டோரில் வைஃபை மாட்டப்பட்டது. சிறு விவசாயிகள் பச்சைக்காயைக் கொண்டுவந்து உலர்த்தும் இடம் அது. உலர்த்தும் அறையின் சூட்டை இனி போனிலேயே கூட்டலாம், குறைக்கலாம். அதற்காக அவர் வாங்கிப்போட்டிருந்தவை யாரோ கழித்துக்கட்டிய பழைய கருவிகள்.

மாட்ட வந்த செல்வப்பிரியா WPA2 என்ற பூட்டு முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாஸ்வேர்டு கேட்டாள். பாண்டித்துரை ஒரு மூட்டையைக் காட்டினார். அவருடைய மூட்டை ஒவ்வொன்றிலும் PTS57 என்ற மார்க் பச்சை மையில் இருக்கும். எட்டு எழுத்தாவது வேண்டும் என்றாள் அவள்.

"அஞ்செழுத்துல ஒரு பூட்டும் இல்லையா?"

இருந்தது. WEP என்ற பழைய முறை ஐந்தெழுத்தை ஏற்கும். அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம், உலகம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது என்று சொல்லிப் பார்த்தாள்.

"மூட்டையில இருக்குறத யாரு வேணா படிக்கலாமே, முதலாளி."

"படிக்கட்டும். அந்த மார்க்கு ஜோசியர் குறிச்சுக் குடுத்தது. கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

மூன்று எழுத்து கூடினால் தொழில் கவிழ்ந்துவிடும் என்று நம்புகிற இவருக்கு ஊரில் விவரமானவர் என்று பெயர். செல்வப்பிரியா WEPஐ வைத்துவிட்டுப் போனாள்.

சீக்கிரமே மூட்டை ஏற்ற வரும் டிரைவர்கள் எல்லோரும் மூட்டை மார்க்கைப் பார்த்து அடித்து அவர் வைஃபையில் படம் பார்த்தார்கள். அதைத் தன் தாராளம் என்று அவர் சொல்லிக்கொண்டார்.

அக்டோபரில் செபமாலையம்மாள் தன் அரை ஏக்கர் பறிப்பு முழுவதையும் அங்கே உலரப் போட்டார். அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த நல்ல பறிப்பு அது ஒன்றுதான். உலர்ந்த பிறகும் காய் பச்சை நிறத்தில் நின்றால்தான் விலை. வெளியே ஜீப்பில் காத்திருந்த டிரைவர் ஜோமோன் போனைத் துழாவியபோது உலர்த்தும் அறையின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பக்கம் அதில் திறந்துகொண்டது. ஐம்பது டிகிரி என்றிருந்ததை விளையாட்டாக எழுபத்தைந்து ஆக்கினான், பிறகு மறந்துபோனான். காய் வைக்கோல் நிறத்தில் வெளியே வந்தது.

ஜோமோன் தானே வந்து இருவரிடமும் ஒப்புக்கொண்டான். பாண்டித்துரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காய் முற்றிப்போனதால் வெளுத்தது என்று செபமாலையம்மாளிடம் சொன்னார்.

"எங்காயி முத்தல முதலாளி. ஒங்க மூட்டையப் படிச்சுட்டு ஊரே ஒங்க அடுப்ப எரிக்குது."

வெளுத்த காய் பாதி விலைக்குப் போனது. அடுத்த பறிப்பைச் செபமாலையம்மாள் வேறு ஸ்டோருக்குக் கொண்டுபோனார். பாண்டித்துரையின் வைஃபை இன்னும் அதே PTS57ஓடு WEPஇல்தான் இருக்கிறது.